தலைநகரிலே ஓர் இசைத்தட்டு நிலையம்

நமது சங்கத்தின் ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தரும் பொறுப்பு ஆண்டுதோறும் நம் தலையில் விழுந்து வருகிறது. பூம்புகாரைப் பற்றி எழுதினோம். தரங்கம்பாடிக் கோட்டையைப் பற்றி எழுதினோம். அன்பர்களும் பொறுமையோடு படித்து வந்திருக்கிறார்கள். இவ்வாண்டு கடல் கடந்து சென்று, அமெரிக்க ஐக்கிய நாட்டின் தலைநகரான வாஷிங்டனிலே, பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த சில பிள்ளைகள் தொடங்கிய இசைத்தட்டு நிலையம் ஒன்றின் வரலாற்றை எழுதத் துணிந்தோம். அந்நிலையத்தின் பெயர் டிஸ்கார்ட் ரிக்கார்ட்ஸ். அது வெளியிட்ட இசை, 'பங்க்' என்னும் வகையைச் சேர்ந்தது. அவ்விசை காதுக்கு இனியது என்று யாரும் சொல்லமாட்டார்கள்; நாமும் சொல்ல வரவில்லை.

இந்த விஷயம் நம்மிடம் வந்து சேர்ந்த விதம் இது. நமது குவார்ட்டர்ஸின் மாடிப் பகுதியிலே குடியிருக்கும் பிள்ளையாண்டான் ஒருவன், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில், தகரக் கூரைமீது கருங்கல்லைக் கொட்டினாற்போன்ற ஓசை எழும்படி ஏதோ ஒன்றைக் கேட்டுக்கொண்டிருப்பான். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் படியேறிச் சென்றோம். "மாமா, உட்காருங்கள், இதைச் செய்தவர்களுடைய கதையை மட்டுமாவது கேளுங்கள்" என்றான். கேட்டோம். பாட்டு இன்றளவும் நமக்குப் பிடிபடவில்லை. கதை மட்டும் பிடித்துக்கொண்டுவிட்டது. பின்னர் நாமே தேடிப் படித்து அறிந்தவற்றையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

வாஷிங்டன் நகரம் சர்க்கார் நகரம். காங்கிரஸ் சபையும் செயலகங்களும் தூதரகங்களும் நிறைந்தது. உத்தியோக நிமித்தம் வருவோரும், காலம் முடிந்ததும் பெட்டி படுக்கையோடு போவோரும் அங்கே ஏராளம். டில்லிக் குடியிருப்புகளில் வாழும் நமக்கு அதன் சுபாவத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. இசை என்றால் நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் நகரங்கள். பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகளும் அங்கேதான். வாஷிங்டனில் பிறந்து கித்தார் பழகிய பிள்ளை, பெயர் பெற வேண்டுமானால் ஊரை விட்டுப் போகவேண்டும் என்பதே அந்நாளில் பலரும் கொண்டிருந்த எண்ணம்.

பங்க் இசை 1970களின் நடுவிலே நியூயார்க்கிலும் லண்டனிலும் தலையெடுத்தது. நீண்ட ஆலாபனையும் பகட்டான மேடையும் கொண்டுவிட்ட ராக் இசைக்கு எதிர்ப்பாக, இரண்டு மூன்று சுரக்கூட்டுகளை மட்டும் தெரிந்துகொண்டு, வேகமாகவும் உரக்கவும் பாடுவதே அதன் இலக்கணம். வாஷிங்டனிலே அதை ஊன்றியவர்களுள் முதன்மையாகச் சொல்லத்தக்கவர்கள் 'பேட் பிரெய்ன்ஸ்' என்னும் கறுப்பின வாலிபர் குழுவினர். அவர்கள் நல்ல பயிற்சி உடைய வாத்தியக்காரர்கள். அவர்களுடைய வேகத்தைக் கண்டு அந்நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் மலைத்துப் போனார்கள். அப்படி மலைத்தவர்களுள் இருவர், உட்ரோ வில்சன் உயர்நிலைப் பள்ளியிலே படித்த இயன் மெக்காயும் ஜெஃப் நெல்சனும். மெக்காயின் தந்தையார் பத்திரிகையாளர். நேதன் ஸ்ட்ரெய்செக் என்பவர் பாட, ஜோர்டி கிரிண்டில் கித்தார் வாசிக்க, மெக்காய் தாழ்சுரக் கித்தாரும் நெல்சன் டிரம்மும் ஏந்தி, 'டீன் ஐடில்ஸ்' என்ற குழுவாக 1979இல் கூடினார்கள்.

1980ஆம் ஆண்டு கோடையிலே இப்பிள்ளைகள் பஸ் ஏறி, கண்டத்தின் மறுகோடியிலுள்ள கலிபோர்னியாவுக்குச் சென்றார்கள். நாட்கணக்கான பிரயாணம், கிடைத்த ஊதியமோ மிகச் சொற்பம். ஆனால் சான்பிரான்சிஸ்கோவிலே ஒரு வழக்கத்தைக் கண்டு வந்தார்கள். மது விற்கும் அரங்கினுள் வயது வராத பிள்ளைகளை அனுமதிப்பதற்கு, அவர்களுடைய புறங்கையிலே கறுப்பு மையால் பெருக்கற்குறி ஒன்றை இட்டுவிடுவார்கள். குறி கண்ட கைக்கு மது கொடுப்பதில்லை; பாட்டுக் கேட்கத் தடையில்லை. ஊர் திரும்பியதும், அவ்வாண்டிலே புதிதாகத் திறந்திருந்த 9:30 கிளப் என்னும் அரங்கத்தாரிடம் இவ்வழக்கத்தை எடுத்துச் சொன்னார்கள். "எங்களுக்கு மது வேண்டாம், இசை போதும்" என்பதற்கு அடையாளமாக அந்தக் குறி பிற்காலத்தில் உலகமெங்கும் பரவிற்று.

அவ்வாண்டு இறுதிக்குள் குழு கலைந்துவிட்டது. இங்கேதான் நமது வரலாறு தொடங்குகிறது. குழுவினர் பாடிச் சம்பாதித்ததைப் பங்கு போட்டுக்கொள்ளாமல் பொதுவிலே சேர்த்து வைத்திருந்தனர். சில நூறு டாலர் இருந்தது. ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு போய்விடலாம். அல்லது, பாடி முடித்துவிட்ட பாட்டுகளை, இனி இல்லாத ஒரு குழுவின் பெயரால், இசைத்தட்டாக வெளியிடலாம். வியாபாரம் தெரிந்தவர் எவரும் இரண்டாவது வழியைச் சொல்லமாட்டார். பிள்ளைகள் அதைத்தான் தேர்ந்தார்கள். இலாபம் அவர்கள் கருத்திலே இல்லை. நாம் இப்படி இருந்தோம், இப்படிப் பாடினோம் என்பதற்கு ஒரு சான்று இருக்கட்டும் என்பதே நோக்கம்.

வழிகாட்டியவர் ஸ்கிப் கிராஃப் என்பவர். மேரிலாந்து மாநிலத்து ராக்வில் என்னும் ஊரிலே 'எஸ்டர்டே அண்ட் டுடே' என்ற இசைத்தட்டுக் கடை நடத்தியவர். தாமே சில இசைத்தட்டுகளை வெளியிட்டு அனுபவப்பட்டவர். மெக்காய் அவர் கடையிலே வேலையும் பார்த்தார். ஒலிப்பதிவுக்கு டான் ஸியென்டாரா என்பவரைக் கிராஃப்தான் காட்டிக் கொடுத்தார். போட்டோமாக் ஆற்றுக்கு அப்பால், வர்ஜீனியா மாநிலத்து ஆர்லிங்டனிலே, தமது இல்லத்தின் நிலவறையில் 'இன்னர் இயர்' என்ற சிறு ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்திருந்தார் ஸியென்டாரா. பிள்ளைகளைப் பார்த்து முகம் சுளிக்காதவர். அடுத்த நாற்பது ஆண்டுகள் டிஸ்கார்ட் வெளியீடுகளில் பெரும்பகுதி அவர் கைபட்டே வந்தது.

தட்டு தயாராயிற்று; உறை வேண்டுமே! ஆயத்தமான உறையைச் செய்விக்கக் கையிலே பணம் இல்லை. பிள்ளைகள் வேறொரு ஏழு அங்குல இசைத்தட்டின் உறையை எடுத்து, ஒட்டிய இடங்களைப் பிரித்து, விரித்துப் பார்த்தார்கள். அந்த வடிவத்தை வரைந்து, அச்சகத்திலே கொடுத்துத் தாள்களாக அச்சிட்டு வாங்கி, கத்தரிக்கோலால் வெட்டி, மடித்து, பசை தடவி ஒட்டினார்கள். முதற்பதிப்பு 1000 தட்டுகள். ஆயிரம் உறையையும் கையாலேயே செய்து முடித்தார்கள். பின் வந்த வெளியீடுகளுக்கும் இதே வேலைதான். நண்பர்கள் கூடத்திலே வட்டமாக அமர்ந்து பேசிக்கொண்டே ஒட்டுவார்களாம். நமது சங்கத்திலே விழா அழைப்பிதழ்களை உறையிலிட்டு முகவரி எழுதும் இரவுகளை நினைத்துக்கொண்டோம். உறையின் முகப்பிலே, பெருக்கற்குறி இட்ட இரு கைகள் குறுக்கே மடிந்திருக்கும் படம். 'மைனர் டிஸ்டர்பன்ஸ்' என்று பெயர், எட்டுப் பாட்டுகள், 1980இன் கடைசியில் வெளிவந்தது, நிலையத்தின் முதல் எண் பெற்றது.

நிலையத்தின் பெயரையும் கவனிக்கவேண்டும். ஆங்கிலத்திலே 'டிஸ்கார்ட்' என்றால் இசைவின்மை. நமது சங்கீத வழக்கிலே சொன்னால் அபசுரம். அச்சொல்லின் நடுவே ஓர் எழுத்தைக் கூட்டி, சுரக்கூட்டு என்று பொருள்படும் 'கார்ட்' என்னும் சொல்லும் உள்ளே தெரியுமாறு எழுதினார்கள். பிறர் ஏசுமுன் தாமே அபசுரம் என்று பெயர் வைத்துக்கொண்டால் ஏசுவதற்கு யாருக்கு வாய் வரும்!

தட்டு விற்ற பணம் திரும்பி வந்தது. அதைக் கொண்டு அடுத்த தட்டு. அது விற்ற பணத்தில் அதற்கடுத்தது. இரண்டாவது வெளியீட்டுக்குரிய செலவை அக்குழுவின் பாடகரான ஹென்றி கார்ஃபீல்டு என்ற வாலிபர் தாமே ஏற்றார். ஐஸ்கிரீம் கடையிலே வேலை பார்த்தவர் அவர். 1981இலேயே 'பிளாக் ஃபிளாக்' என்னும் கலிபோர்னியக் குழு அவரை அழைத்துக்கொண்டு போயிற்று; ஹென்றி ராலின்ஸ் என்ற பெயரில் பின்னர் மிகுந்த புகழ் பெற்றார். மூன்றாவது வெளியீடு, மெக்காயும் நெல்சனும் புதிதாகக் கூட்டிய 'மைனர் திரெட்' குழுவினுடையது. இங்கே 'மைனர்' என்பது ஜரிகை அங்கவஸ்திரமும் புலிநகச் சங்கிலியும் அணிந்த நம்மூர் மைனர் அன்று; வயது வராதவர் என்றும் சிறியது என்றும் இருபொருள் தருவது. அத்தட்டிலே 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' என்று ஒரு பாட்டு. ஒரு நிமிஷங்கூட ஓடாது. குடியும் போதை மருந்தும் தமக்கு வேண்டாம் என்று ஓர் இளைஞர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டது. அதைக் கேட்ட பிள்ளைகள் பல தேசங்களிலே அதையே விரதமாகக் கொண்டுவிட்டார்கள். மெக்காய்க்கு இது உவப்பாக இல்லை. தாம் எந்த இயக்கத்துக்கும் தலைவர் அல்லர் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். பங்க் என்றாலே கெட்டுப்போன பிள்ளைகள் என்று எண்ணும் நம்மவர்களுக்கு இச்செய்தி வியப்பாக இருக்கலாம். நமக்கும் வியப்பாகவே இருந்தது.

1981 அக்டோபரிலே ஆர்லிங்டனில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். டிஸ்கார்ட் இல்லம் என்று அதற்குப் பெயர் நிலைத்தது. தங்குவதும் அங்கே, ஒத்திகையும் அங்கே, கணக்கும் கட்டுகளும் அங்கே. தபால் முகவரி மட்டும் வாஷிங்டனிலுள்ள மெக்காயின் பெற்றோர் வீடாகவே நெடுங்காலம் இருந்தது. 1982இன் தொடக்கத்தில் 'ஃபிளெக்ஸ் யுவர் ஹெட்' என்ற தொகுப்புத் தட்டு வந்தது. பதினொரு குழுக்களின் 32 பாட்டுகள். அக்குழுக்களுள் சில சில மாதங்களே வாழ்ந்தவை. அத்தொகுப்பு இல்லையேல் அவற்றின் பெயர்கூட இன்று மிஞ்சியிராது.

நிலையத்தின் நடைமுறைகள் சில இப்போதே நிலைபெற்றுவிட்டன. வாஷிங்டன் வட்டாரத்துக் குழுக்களின் இசையை மட்டுமே வெளியிடுவது. எழுத்து மூலமான ஒப்பந்தம் கிடையாது, வாய்ச்சொல்லே ஒப்பந்தம். தட்டுச் செலவு போக மிஞ்சியதைக் குழுவும் நிலையமும் பகிர்ந்துகொள்வது. விலையைக் குறைவாக வைப்பது. பிற்காலத்து வெளியீடுகள் சிலவற்றில், தபால் செலவு உட்பட இன்ன விலை என்று உறையிலேயே அச்சிட்டுவிட்டார்கள். கடைக்காரர் கூட்டி விற்றால் வாங்குபவருக்குத் தெரிந்துவிடும்.

பணத்தின் தொல்லை இல்லாமல் இல்லை. தட்டு அழுத்தும் தொழிற்சாலைக்கு முன்பணம் கட்டவேண்டும். தட்டை வாங்கிப்போன விநியோகஸ்தர்களோ மாதக் கணக்கிலே இழுத்தடித்துப் பணம் தருவார்கள். எனவே ஒரு தட்டு நன்றாக விற்றாலும் ஆபத்து. அதையே மறுபடி அழுத்துவதில் முதல் முழுவதும் முடங்கி, அடுத்த குழுவின் தட்டு காத்துக்கிடக்கும். சிறு பத்திரிகை நடத்திப் பார்த்த நம் அன்பர்கள் இந்தச் சிக்கலை நன்கு அறிவார்கள். இதிலிருந்து கைதூக்கிவிட்டவர், லண்டனிலே சதர்ன் ஸ்டூடியோ நடத்திய ஜான் லோடர் என்பவர். அவர் தட்டுகளை அழுத்தித் தந்து, ஐரோப்பாவிலே விநியோகமும் செய்து, விற்ற பின்னர் கணக்குப் பார்த்துக்கொண்டார். 2005இல் காலமானார்.

இனிக் குறைகளையும் சொல்லவேண்டும். மக்களுள் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவராய் இருந்த நகரம் அது. பேட் பிரெய்ன்ஸ் குழுவினரிடம் கற்றுக்கொண்ட போதிலும், டிஸ்கார்டின் தொடக்க காலக் குழுக்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளைக்காரப் பையன்களே. அரங்கத்தின் முன்புறத்திலே இடித்துத் தள்ளி ஆடுவது கைகலப்பாக முற்றிற்று; பெண்கள் பின்வரிசைக்கு ஒதுங்க நேர்ந்தது. மைனர் திரெட் 1983இல் கலைந்தது. 1984 வாக்கில், பழைய நண்பர்களே அந்த அரங்குகளுக்குப் போக மனமில்லாதவர்கள் ஆனார்கள். தாம் வளர்த்த செடியிலே முள் மட்டுமே மிஞ்சிற்று என்று கண்டபோது, அவர்கள் அதைக் கைவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. புதிய குழுக்களைக் கூட்டினார்கள். 1985 கோடைக்கு அவர்களே 'புரட்சிக் கோடை' என்று பெயர் இட்டார்கள். 'ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்' என்ற குழு, ஆத்திரத்தைக் காட்டிலும் துயரத்தையும் தவிப்பையும் பாடிற்று. தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக் கொள்கையைக் கண்டித்து, அந்நாட்டுத் தூதரகத்தின் எதிரே நின்று, வாளியையும் தகரத்தையும் தட்டி முழக்கினார்கள். பெண்கள் மட்டுமே கொண்ட 'ஃபயர் பார்ட்டி' போன்ற குழுக்களும் பின்னர் மேடையேறின. மைனர் திரெட் தட்டு ஒன்றின் முகப்புக்குக் கருப்பு ஆட்டின் படம் வரைந்து தந்த சிந்தியா கானலி, தோழியர் இருவருடன் சேர்ந்து, அந்நகரத்துப் பங்க் வரலாற்றைப் புகைப்பட நூலாக 1988இல் வெளியிட்டார்.

1987 செப்டம்பரிலே 'ஃபுகாஸி' முதன்முறையாக மேடையேறியது. மெக்காய், ஜோ லாலி, பிரெண்டன் கேன்டி மூவரும் தொடங்க, ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் பாடகராய் இருந்த கை பிச்சியோட்டோ பின்னர் வந்து சேர்ந்தார். டிஸ்கார்டின் பெயரை உலகெங்கும் கொண்டுசென்றது இக்குழுவே. கச்சேரிக்கு அனுமதிக் கட்டணம் பெரும்பாலும் 5 டாலருக்கு மேல் வைக்கமாட்டார்கள். எல்லா வயதினரையும் உள்ளே விடாத அரங்கிலே பாடமாட்டார்கள். குழுவின் பெயர் பொறித்த பனியன் விற்பதில்லை என்றும் ஒரு விரதம். கள்ளப் பனியன் வியாபாரிகள் விட்டார்களா? 'இது ஃபுகாஸி பனியன் அன்று' என்று அச்சடித்து விற்றுவிட்டார்கள்! சண்டையிட்டு ஆடுபவர்களைக் கண்டால் பாட்டை நிறுத்தி, பெயரில்லாத அந்த ஆசாமியை மேடையிலிருந்தே கண்டிப்பார்கள். திருந்தாவிட்டால் 5 டாலரைத் திருப்பிக் கொடுத்து வெளியேற்றுவார்கள். இந்தக் கடைசி வழக்கம் நமக்கு மிகவும் பிடித்திருந்தது.

1991இலே 'நிர்வாணா' என்ற குழுவின் 'நெவர்மைண்ட்' தட்டு இலட்சக்கணக்கில் விற்றது. பெரிய கம்பெனிகள் பங்க் குழுக்களைத் தேடி ஊர் ஊராக அலைந்தன. 1993இல் நியூயார்க்கிலே, அட்லாண்டிக் கம்பெனியை நிறுவிய அகமது எர்டெகன் தாமே ஃபுகாஸியைத் தேடி வந்து பேசினார். ரே சார்ல்ஸ் போன்ற மேதைகளின் தட்டுகளை வெளியிட்ட கம்பெனி அது. மரியாதையோடு பேசிவிட்டு, வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவ்வாண்டு அவர்கள் வெளியிட்ட 'இன் ஆன் தி கில் டேக்கர்', விளம்பரப் பக்கபலம் ஏதுமின்றியே பில்போர்டு பத்திரிகையின் 200 தட்டுகள் கொண்ட பட்டியலில் ஏறிற்று.

எல்லோரும் மறுக்கவில்லை. 'ஜாபாக்ஸ்' குழு அட்லாண்டிக்குக்கும், 'ஷடர் டு திங்க்' குழு எபிக் கம்பெனிக்கும் போயின. 1994இல் அவ்விரு குழுக்களின் பெரிய கம்பெனித் தட்டுகளும் வெளிவந்தன. எழுத்திலே கட்டிப்போடாத நிலையம் ஆதலால், போவதற்குத் தடையும் இல்லை, வழக்கும் இல்லை. சில ஆண்டுகளில் இரு குழுக்களும் கலைந்தன. ஜாபாக்ஸ் அட்லாண்டிக்குக்குத் தந்த தட்டு 2009இலே மறுபதிப்பாக வந்தபோது, அக்குழுவினரின் சொந்த நிலையமாகிய டிசோட்டோவோடு டிஸ்கார்டின் பெயரும் அதிலே சேர்ந்திருந்தது. போனவர்களைப் பகைக்காத பண்பு நிலையத்தாருக்கு இருந்திருக்கிறது. அவர்கள் போனது பிழை என்று நாமும் சொல்லமாட்டோம். குடும்பம் நடத்த வேண்டியவர்கள் நல்ல சம்பளம் தேடி ஊர் மாறுவதைக் குறைசொல்ல, மாற்றல் உத்தரவிலே இங்கு வந்து சேர்ந்த நமக்கு என்ன உரிமை?

ஒரு வேடிக்கையும் நடந்தது. மைனர் திரெட்டின் முதல் தட்டு உறையிலே, மெக்காயின் தம்பி அலெக் மழித்த தலையோடு படிக்கட்டிலே அமர்ந்து, முழங்கால்மீது தலை கவிழ்த்துக் கிடக்கும் படம் உண்டு. 2005இலே நைக்கி என்னும் காலணிக் கம்பெனி தனது சுற்றுப்பயண விளம்பரத்துக்கு அதே படத்தின் சாயலில், காலணியை மாற்றிப் போட்டு, 'மேஜர் திரெட்' என்று சுவரொட்டி செய்துவிட்டது. அனுமதி கேட்கவில்லை. ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். அவ்வளவு பெரிய கம்பெனி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, விளம்பரத்தைத் திரும்பப் பெற்றது.

ஃபுகாஸி 2002 நவம்பரில் லண்டனிலே பாடியதே இதுவரை அவர்களுடைய கடைசிக் கச்சேரி. அதே ஆண்டிலே, ஐம்பது குழுக்களின் பாட்டுகளைச் சேர்த்து, நிலையத்தின் இருபது ஆண்டு வரலாறாக மூன்று தட்டுகள் கொண்ட பெட்டகம் ஒன்று வந்தது. ஸ்கிப் கிராஃப் 2019இல் மறைந்தார். ஸியென்டாரா 1990இல் நிலவறையைவிட்டு வேறு கட்டடத்துக்கு மாற்றியிருந்த இன்னர் இயர் கூடம், அவ்விடத்தை ஆர்லிங்டன் நிர்வாகத்தார் வாங்கிக்கொண்டதால், 2021இல் மூடப்பட்டது. டிஸ்கார்ட் மட்டும் மூடவில்லை. 2020இலும் மெக்காய் தாமே பாடிய 'கொரிக்கி' என்ற குழுவின் தட்டை வெளியிட்டது. வெளியீடுகளின் எண்ணிக்கை நூற்றைம்பதைத் தாண்டிவிட்டது.

நமது மனத்திலே ஆழப் பதிந்தது இன்னொன்று. ஃபுகாஸி ஊர் ஊராகப் பாடியபோது, ஒலி அமைப்பாளர்கள் பல கச்சேரிகளைக் காசெட்டிலும் பிற நாடாக்களிலும் பதிவு செய்து வந்தார்கள். எண்ணூறுக்கும் மேற்பட்ட கச்சேரிகள்! அவற்றைத் தூக்கி எறியாமல் அடுக்கி வைத்திருந்து, 2011 முதல் ஒவ்வொன்றாகப் படியெடுத்து, தேதியும் ஊரும் அரங்கும் குறித்து, 5 டாலர் அளவிலே யார் வேண்டுமானாலும் பெறும்படி செய்தார்கள். நன்றாக அமையாத கச்சேரிகளையும் விடவில்லை. வாஷிங்டன் பொது நூலகம் 2014இலே அந்நகரத்துப் பங்க் இசைக்கென்றே ஓர் ஆவணப் பகுதி தொடங்கி, சுவரொட்டி, சிறு பத்திரிகை, நாடா முதலியவற்றைச் சேர்த்து வருகிறது. கையால் வெட்டி ஒட்டிய உறைகள் இப்போது நூலகத்துக் காப்பறைகளிலே இடம் பெறுகின்றன.

இதைப் படித்த நாளன்று நமது சங்க அறையிலுள்ள இரும்பு அலமாரியைத் திறந்து பார்த்தோம். பழைய விழாக்களிலே பதிவு செய்த காசெட்டுகள் ஒரு பிஸ்கட் டின்னிலே கிடந்தன. பாதிக்குமேல் பூஞ்சணம் பூத்துவிட்டது. சிலவற்றின் மேல் எழுதிய மை அழிந்து, பாடியவர் யார், எந்த ஆண்டு என்று தெரியவில்லை. ஒன்றிலே மட்டும் 'பொங்கல் விழா, குழந்தைகள் கோலாட்டம்' என்று இருந்தது. போட்டுப் பார்த்தோம். இரைச்சலுக்கு நடுவே குச்சிகளின் ஓசையும், "மெதுவா, மெதுவா" என்று யாரோ ஓர் அம்மாள் பக்கத்திலிருந்து அதட்டுகிற குரலும் கேட்டன. அந்த அம்மாள் யாரென்று இன்னும் தெரியவில்லை.

மாடி வீட்டுப் பிள்ளை, எஞ்சியவற்றைக் கணிப்பொறியிலே படியெடுத்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான். சங்க விழாக்களின் காசெட்டுகளோ ஒலிநாடாச் சுருள்களோ தத்தம் இல்லங்களில் வைத்திருக்கும் அன்பர்கள், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நூலகப் பொறுப்பாளரிடம் சேர்ப்பித்தால், படியெடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருவோம். உறையின் மேல் ஆண்டையும், பாடியவர் பெயர் நினைவிருந்தால் அதையும் குறித்து அனுப்பவேண்டுகிறோம்.